மூன்று மேசைக்கும் ஒரே கேள்வி

கேள்வி: நான் சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு தனியார் கிளினிக்கில் ஐந்து ஆண்டுகளாகக் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். வயது 35, ஒரு குழந்தை. குடும்ப மருத்துவத்தில் ஜிடிஎஃப்எம் பட்டயம் முடித்துவிட்டேன். ஒரு நாளைக்கு 40 முதல் 50 பேரைப் பார்க்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது, பெரும்பாலும் தமிழர், “சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்” என்று மெட்ஃபார்மினைப் பாதியில் நிறுத்திவிட்டு வருகிறார். இதை முறையாக ஆய்வு செய்ய ஆசை. இதற்கிடையே தமிழ் வானொலியில் மாதம் ஒருமுறை பேசவும் ஒரு பத்திரிகையில் எழுதவும் அழைக்கிறார்கள். எங்கள் கிளினிக்கின் மூத்த டாக்டரோ, “சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் வைக்காதே” என்கிறார். மூன்றையும் ஒருவர் செய்ய முடியுமா? முடியும் என்றால் எங்கே தொடங்குவது?

அன்புள்ள டாக்டருக்கு,

உங்கள் மூத்த டாக்டர் சொன்னதில் பாதி உண்மை. ஆய்வுக்கு ஒரு தலைப்பு, வானொலிக்கு இன்னொன்று, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மிச்சமிருக்கும் கவனம் என்று போனால் அவர் வாக்குப் பலித்துவிடும். ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்று வேலைக்கும் பொதுவாக ஒரே கேள்விதான் இருக்கிறது: மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று நம்பி எத்தனை பேர் நிறுத்துகிறார்கள், ஏன்? ஓராண்டுக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் யாராவது தூக்கமின்மை பற்றிப் பேசக் கூப்பிட்டால் அடுத்த ஆண்டு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

முதலில் கிளினிக் மேசை. இந்த நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் ஆய்வும் தப்பும், பேச்சும் தப்பும். அதற்குப் பின்னால் கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறது. வீட்டில் மாமாவுக்கு இருபது வருடமாகச் சுகர். ஒருநாள் டாக்டர், “கிட்னி சரியில்லை, இந்த மாத்திரையை நிறுத்துங்கள்” என்கிறார். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இஜிஎஃப்ஆர் எண் 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினின் அளவைக் குறைக்கிறோம், 30-க்குக் கீழே போனால் நிறுத்துகிறோம். சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் மருந்து உடம்பில் தங்கிவிடும் என்பதற்காகச் செய்வது அது. குடும்பம் பார்த்தது வேறு: கிட்னி போனது, மாத்திரையை நிறுத்தினார்கள், ஆக மாத்திரைதான் காரணம். வரிசை சரி, காரணம்தான் தலைகீழ். சிறுநீரகத்தைக் கெடுத்தது அந்த இருபது வருடச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். இதை இப்படியே, அந்த மாமாவை வைத்தே விளக்கினால் பத்து நிமிடத்தில் தலையாட்டுவார்கள். “அதெல்லாம் பொய்” என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்கள்.

மாத்திரையில் குறையே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு வரும். நெடுநாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். வாந்தியும் பேதியுமாகக் கிடக்கும் நாள்களில் தற்காலிகமாக நிறுத்தச் சொல்ல வேண்டும், சாப்பாடு பழையபடி இறங்கியதும் மறுபடி தொடங்க வேண்டும். இந்த ‘மறுபடி தொடங்குவது’தான் நம் ஆட்களிடம் விட்டுப்போகிறது. காய்ச்சலுக்கு நிறுத்திய மாத்திரை ஆறு மாதம் கழித்தும் டப்பாவிலேயே இருக்கும். அதையும் ஒரு காரணமாகக் குறித்துவையுங்கள், ஆய்வில் தேவைப்படும்.

கேட்கும் விதமும் முக்கியம். “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா ஐயா?” என்றால் விடை எப்போதும் ஒன்றுதான். “போன வாரத்துல எத்தனை வேளை விட்டுப்போச்சு?” என்று கேட்டால், விடுவது சகஜம் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிறது. அவரும் மனம் திறந்து எண்ணைச் சொல்வார்.

இனி ஆய்வு மேசை. “வாரத்துக்கு ஒருவர், பெரும்பாலும் தமிழர்” என்று எழுதியிருக்கிறீர்கள். இதை இப்போதைக்கு நம்பாதீர்கள். நீங்கள் தமிழ் பேசும் டாக்டர், அதனால் தமிழர் உங்களைத் தேடி வருகிறார்கள். வருபவர்கள் உங்களிடம் மட்டும் மனம்விட்டு ஒப்புக்கொள்கிறார்கள். தவிர, நம்மவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களே அதிகம்: 2010 தேசியச் சுகாதார ஆய்வில் இந்தியர்களில் 17.2 விழுக்காடு, மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. நோயாளிகள் அதிகமாக இருக்கும் கூட்டத்தில் மாத்திரையை நிறுத்துபவர்களும் அதிகமாகத் தெரிவார்கள். ஒரு சீனப் பாட்டி அதே மாத்திரையை அதே பயத்தால் நிறுத்திவிட்டு, உங்களிடம் சொல்லாமல் சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். ஆகவே எல்லா இனத்தவரையும் எண்ணுங்கள். தமிழரை மட்டும் எண்ணிவிட்டு “தமிழரிடம் இந்தப் பிரச்சினை உண்டு” என்று எழுதினால், நமக்கு நாமே ஒரு பட்டம் கட்டிக்கொண்டதாகிவிடும்.

எண்ணுவதற்கு ஒரு நல்ல கருவி உங்கள் கிளினிக்கிலேயே இருக்கிறது. இங்கே பெரும்பாலான தனியார் கிளினிக்குகள் மருந்தையும் அவையே கொடுக்கின்றன, கொடுத்த தேதியும் எண்ணிக்கையும் கணினியில் இருக்கும். காலை ஒன்று, இரவு ஒன்று என 180 மாத்திரை கொடுத்தீர்கள், 90 நாளுக்கு வரும். அடுத்தமுறை அவர் 150-ஆவது நாளில் வந்தால், மாத்திரை கையில் இருந்தது 150 நாளில் 90 நாள், அதாவது 60 விழுக்காடு. 80 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதை ‘ஒழுங்காக எடுக்கவில்லை’ என்று கொள்வது வழக்கம். யாரையும் கேட்காமலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

ஆனால் இந்தக் கணக்கு ஏமாற்றும் இடங்கள் சில உண்டு, எல்லாம் நம் ஊருக்கே உரியவை. சனிக்கிழமை ஜோகூர் பாருவுக்குப் போகிறவர் அங்கிருந்து நான்கு பெட்டி வாங்கிவருவார். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் சென்னையிலிருந்து அரை வருடத்துக்கு அள்ளிவருவார். இன்னொருவர் சுகருக்குப் பலதுறை மருந்தகம் (அரசு பாலிகிளினிக்), இருமலுக்கு மட்டும் உங்களிடம். உங்கள் கணினிப்படி இந்த மூவருமே மாத்திரையை விட்டவர்கள். ஆகவே ஆய்வில் சேர்ப்பதற்கு ஒரு நிபந்தனை வையுங்கள்: கடந்த 12 மாதத்தில் குறைந்தது இருமுறை உங்கள் கிளினிக்கிலேயே மெட்ஃபார்மின் வாங்கியவர். வெளியில் வாங்குவதுண்டா என்பதைப் பின்னால் நேரில் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். எதிர்ப்பக்க ஏமாற்றும் உண்டு: தேதி தவறாமல் வந்து வாங்கிப்போகிறவர் வீட்டில் அலமாரி நிறைய மாத்திரை இருக்கலாம். வாங்கியது வேறு, விழுங்கியது வேறு.

பெயர்ப் பட்டியலைக் கணினியிலிருந்து எடுக்கும்போது அடுத்த சிக்கல். வேலை அனுமதியில் இருந்தபோது ஓர் எண்ணில் பதிவானவர், நிரந்தரவாசியானதும் புதிய அடையாள எண்ணில் மறுபடி பதிவாகியிருப்பார். ஆள் ஒன்று, கோப்பு இரண்டு. பழைய கோப்பின்படி அவர் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிட்டவர்! லெட்சுமி, லட்சுமி, இலட்சுமி மூன்றும் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக இருக்கும், அப்பா பெயர் முன்னே சில கோப்பில், பின்னே சில கோப்பில். பெயரால் தேடாமல் பிறந்த தேதியையும் தொலைபேசி எண்ணையும் சேர்த்துத் தேடி இரட்டைக் கோப்புகளை முதலில் களையுங்கள். நோய்ப் பெயரும் அப்படித்தான். ஒரு டாக்டர் ‘டிஎம்’ என்பார், இன்னொருவர் ‘டைப் 2’ என்பார், பகுதிநேரமாக வந்த லோக்கம் ‘சுகர்’ என்றே எழுதியிருப்பார். நோய்ப் பெயரால் தேடாமல் மருந்துப் பெயரால் தேடுவது உங்கள் கேள்விக்குப் பாதுகாப்பானது.

எத்தனை பேர் வேண்டும்? நூறு கோப்பு எடுத்து, 60 பேர் ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று வந்தால் உண்மை விகிதம் 50-க்கும் 70-க்கும் இடையே எங்கேயும் இருக்கலாம். நானூறு எடுத்தால் 55-க்கும் 65-க்கும் இடையே சுருங்கும். துல்லியம் இரண்டு மடங்காக வேண்டுமானால் வேலை நான்கு மடங்கு. ஒரு கோப்புக்கு ஏழு நிமிடம் வைத்தால் நூறு கோப்புக்குச் சுமார் 12 மணி நேரம், அதாவது மூன்று அரைநாள். முதல் ஆய்வுக்கு நூறு போதும் என்பது என் கருத்து. நானூறு என்று இறங்கி நூற்று இருபதில் நின்றுபோன ஆய்வுகள் ஏராளம்.

அந்த நூறை எப்படிப் பொறுக்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடைசியாக வந்த நூறு பேரை எடுக்காதீர்கள். அடிக்கடி வருகிறவர்கள் அதில் நிறைந்திருப்பார்கள், அவர்கள் இயல்பாகவே மாத்திரையை ஒழுங்காக எடுப்பவர்கள். நிறுத்தியவர் வரவே மாட்டார், அவர்தானே நமக்கு வேண்டியவர். தகுதியுள்ள எல்லோரையும் எக்செல் தாளில் இறக்கி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு சமவாய்ப்பு எண் போடச் செய்து, அந்த எண்படி வரிசைப்படுத்தி மேலிருந்து நூறு எடுங்கள். அதற்குமுன் பத்துக் கோப்பில் ஒத்திகை பாருங்கள். உங்கள் படிவத்தில் எந்தக் கட்டம் யாருக்கும் நிரம்பவில்லை, எந்தக் கட்டத்துக்கு இரண்டு அர்த்தம் என்பது அந்தப் பத்திலேயே தெரிந்துவிடும்.

நீங்கள் எடுத்த நூறில் பத்தை இன்னொருவரிடம் கொடுத்துத் தனியாக எடுக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். இரண்டுக்கு மேல் வேறுபட்டால் தப்பு கையில் இல்லை, விதியில் இருக்கிறது. விதியைத் திருத்துங்கள்.

சிறுநீரகப் பக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சுகாதார அமைச்சின் நாட்பட்ட நோய்த் திட்டத்தின்படி சர்க்கரை நோயாளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரகப் பரிசோதனை செய்ய வேண்டும். உங்கள் நூறு பேரில் சிறுநீரில் புரதம் கசிவதைக் காட்டும் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் எத்தனை பேருக்குப் பார்க்கப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். கிட்னி போய்விடும் என்று பயப்படுகிறவரின் கிட்னியையே நாம் பார்க்காமல் விட்டிருந்தால், பயத்துக்கு நாமும் கொஞ்சம் பொறுப்பு. அந்த விகிதம் 3 mg/mmol-க்கு மேல் ஒருமுறை வந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு, கடும் உடற்பயிற்சி எல்லாமே அதை ஏற்றிவிடும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டில் உயர்ந்திருந்தால்தான் கணக்கு. இதில் இன்னொரு தொல்லை, ஆய்வுக்கூட முடிவுகள் பல கிளினிக்குகளில் வெறும் படமாகவே கோப்பில் ஒட்டப்பட்டிருக்கும். தேடினால் கிடைக்காது, கண்ணால்தான் புரட்ட வேண்டும்.

ரத்த அழுத்தத்தையும் சேர்ப்பதாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்துபாருங்கள். நூறு பதிவின் மேல் எண்கள் எந்த இலக்கத்தில் முடிகின்றன? மின்னணுக் கருவி உண்மையாகக் காட்டியதை எழுதியிருந்தால் பத்தில் ஒன்றுதான் பூஜ்யத்தில் முடியும். பாதிக்கு மேல் 130, 140 என்று நின்றால், யாரோ சுமாராகப் போட்டிருக்கிறார்கள். அந்த எண்களை வைத்துக் கட்டுரை எழுதாதீர்கள். கருவிப் பட்டையின் அளவு, ஐந்து நிமிட ஓய்வு, கை மார்பு உயரத்தில், பேச்சில்லாமல், ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவீடு என்பதைக் கிளினிக்கில் பழக்கிவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்தவரை உடனே நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டையைச் சுற்றும் வழக்கம்தான் பாதி ‘பிரஷருக்கு’ காரணம்.

இதுவரை சொன்னது கோப்பு வேலை. “ஏன் நிறுத்தினீர்கள்” என்று கேட்கத் தொடங்கிய கணமே அது வேறு வேலையாகிவிடுகிறது. உங்கள் கிளினிக்கின் பராமரிப்பைச் சீர்தூக்கிப் பார்ப்பது ஒருபுறம், மனிதர்களிடம் ஆய்வு நடத்துவது மறுபுறம். எது எந்தப் பக்கம் என்று முடிவுசெய்வது நெறிமுறை ஆய்வுக் குழு. நீங்களாக முடிவு கட்டாதீர்கள். 2015 மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டமும் 2012 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உங்களைக் கட்டுப்படுத்தக்கூடியவை. தனிக் கிளினிக்குக்கு அப்படிக் குழு கிடையாது. ஆகவே பலதுறை மருந்தகக் குழுமம் ஒன்றின் ஆய்வுப் பிரிவையோ, மருத்துவக் கல்லூரியின் குடும்ப மருத்துவத் துறையையோ கூட்டாளியாகப் பிடியுங்கள். முன்பின் தெரியாதவர்களாக இருந்தால் குடும்ப மருத்துவர்களின் அமைப்பான குடும்ப மருத்துவர் கல்லூரி வழியாக அணுகலாம். போகும்போது “எனக்கு ஆய்வில் ஆர்வம்” என்று போகாதீர்கள், அப்படி வருகிறவர்கள் அவர்களுக்கு நிறையப் பேர். ஒத்திகை பார்த்த பத்துக் கோப்பின் அனுபவத்தையும் ஒரு பக்கக் கேள்வியையும் கொண்டுபோங்கள். கோப்பைத் தொடுமுன் கிளினிக் உரிமம் வைத்திருப்பவரின் எழுத்து அனுமதியும் கையில் இருக்கட்டும்.

முக்கியமாக, குழுவின் ஒப்புதலையோ ‘ஒப்புதல் தேவையில்லை’ என்ற கடிதத்தையோ முதலிலேயே வாங்குங்கள். எல்லாம் முடித்துவிட்டு இதழுக்கு அனுப்பும்போது ஆசிரியர் அதைத்தான் முதலில் கேட்பார், பின்தேதியிட்டு யாரும் தர மாட்டார்கள். ஓராண்டு உழைப்பு அலமாரிக்குப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

தரவை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். அடையாள எண்ணை எடுத்துவிட்டு ஆய்வு எண் போடுங்கள், இரண்டையும் இணைக்கும் தாளை வேறு கணினியில் கடவுச்சொல்லோடு வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம், வயது போதும். சொந்த மடிக்கணினியிலோ வாட்ஸ்அப்பிலோ எதுவும் வேண்டாம். சிறிய எண்களைப் பார்த்து எழுதுங்கள்: ‘90 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண் ஒருவர்’ என்று அட்டவணையில் போட்டால், ஈசூனில் அந்தப் பாட்டியைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமல்ல.

நேரில் கேட்பதை நீங்களே செய்யாதீர்கள். மருந்து எழுதிக்கொடுத்த டாக்டரே “ஏன் நிறுத்தினீங்க?” என்றால் முகத்துக்காகப் பதில் சொல்வார்கள். உங்கள் கிளினிக்கைச் சேராத, பயிற்சி பெற்ற ஒருவர் கேட்க வேண்டும். கேள்வித்தாளைத் தமிழிலும் மலாயிலும் மாண்டரினிலும் ஆக்கியபின், வேறொருவரைக் கொண்டு ஆங்கிலத்துக்குத் திருப்பி எழுதச் சொல்லி ஒத்துப்பாருங்கள். தமிழில் ‘நிறுத்தினீர்களா’ என்பது ஒருவருக்கு நிரந்தரமாக, இன்னொருவருக்கு இரண்டு நாள். மூன்று நாளா, ஒரு வாரமா, ஒரு மாதமா என்று நாள் போட்டே கேளுங்கள்.

பின்னர் ஏதாவது முயற்சி செய்து பலன் பார்க்க விரும்பினால் ஒரு கண்ணியைத் தாண்டிப் போங்கள். எச்பிஏ1சி என்ற சர்க்கரைச் சராசரி எண் மிக அதிகமாக இருந்த முப்பது பேரைப் பொறுக்கி, விளக்கிப் பேசி, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தால் கட்டாயம் கொஞ்சம் இறங்கியிருக்கும். நீங்கள் பேசாமலே விட்டிருந்தாலும் இறங்கியிருக்கும்! உச்சத்தில் பிடிக்கப்பட்ட எண் அடுத்தமுறை சராசரியை நோக்கித் திரும்புவது இயல்பு. ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் அதை உங்கள் பேச்சின் வெற்றியாக எழுதாதீர்கள். தீபாவளிக்கு அடுத்து ஒருமுறையும் நோன்பு மாதம் முடிந்து ஒருமுறையும் அளந்து ஒப்பிடுவதும் அப்படித்தான், எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சாப்பாட்டின் கதை. இரும்புச்சத்துக் குறைவு அந்த எண்ணைப் பொய்யாக ஏற்றும், ரத்த அணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்கள் பொய்யாக இறக்கும்.

தனிக் கிளினிக்கில் இருந்துகொண்டு இதெல்லாம் ஆய்வா என்று உங்களுக்கே தயக்கம் வரும். யார்க்‌ஷயரின் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் கிராம மருத்துவராக இருந்த வில்லியம் பிக்கிள்ஸ், 1929-இல் பரவிய மஞ்சள்காமாலையில் யார் யாரை எந்த நாளில் சந்தித்தார் என்று குறித்துவைத்தே, தொற்றியதிலிருந்து நோய் வெளிப்பட ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது என்று காட்டினார். வேல்ஸின் கிளின்கோரக் சுரங்க ஊரில் ஜூலியன் டியூடர் ஹார்ட், வந்தவர்களை மட்டுமல்ல, ஊரிலிருந்த பெரியவர்கள் எல்லோரையும் தேடி ரத்த அழுத்தம் பார்த்தார். நல்ல மருத்துவம் தேவை அதிகமுள்ள இடத்தில்தான் குறைவாகக் கிடைக்கிறது என்ற அவருடைய ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’ 1971-இல் லான்செட்டில் வந்தது. இருவர் கையிலும் இருந்தது ஒன்றுதான்: முழுப் பட்டியல். யார் வரவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

சிங்கப்பூர்க் கிளினிக்குகளிடம் நெடுநாளாக இல்லாதது அதுவே. இன்று இங்கே, நாளை அடுத்த புளோக்கில், எம்சி என்ற மருத்துவ விடுப்புச் சான்றுக்கு வேறிடம் என்று போகிறவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரு கிளினிக்கைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்வதால், உங்களுக்கும் ஒரு பட்டியல் கிடைத்திருக்கிறது. இத்திட்டத்தைப் பற்றி ஆயிரம் பேசுகிறோம், ஆய்வுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பதை யாரும் பேசுவதில்லை. ஆனால் தாமாக வந்து பதிந்தவர்கள் உடம்பில் அக்கறை உள்ளவர்கள். அவர்கள் மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறார்கள் என்பதால் ஈசூனே எடுக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்.

நேரக் கணக்குக்கு வருவோம். இரவு ஒன்பதரைக்குக் கிளினிக் மூடியபின் செய்யலாம் என்று திட்டமிட்டால் இரண்டு மாதம்கூடத் தாங்காது. கோப்பிலிருந்து எண் எடுப்பது களைத்த கண்ணுக்கான வேலை அல்ல. வாரத்தில் ஓர் அரைநாள் வேளையை விட்டுக்கொடுங்கள். திங்கள்கிழமையைத் தொடாதீர்கள், எம்சி கூட்டம் மொத்தமும் அன்றுதான். காலை வேளைகளையும் விடாதீர்கள், ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரும் சுகர், பிரஷர்காரர்கள் காலையில்தான் வருகிறார்கள். புதன் அல்லது வியாழன் பிற்பகல் உத்தமம். பத்து வேளையில் ஒன்று போனால் வருமானத்திலும் ஏறக்குறைய பத்தில் ஒன்று போகும். இந்த ஆய்வு அந்தப் பணத்தைத் திருப்பித் தராது. வீட்டில் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். மூத்த டாக்டரிடமும் எந்த வேளை, எத்தனை மாதம், பதிலுக்கு யார் என்று தேதி போட்டுப் பேசினால், அவர் ஆற்றையும் சேற்றையும் விட்டு இறங்கிவருவார் என்று நினைக்கிறேன்.

வானொலிக்கும் பத்திரிகைக்கும் ஆய்வு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாமாவின் கதை, 45, 30 என்ற இரண்டு எண்கள், வாந்தி, பேதி நாள் விதி எல்லாம் ஏற்கெனவே நிலைநாட்டப்பட்டவை, தாராளமாகச் சொல்லலாம். உங்கள் கிளினிக்கின் சொந்த எண்களை மட்டும் வெளியிடாதீர்கள். சரிபார்க்கப்படாத எண் ஒன்று வானொலியில் போனால், அடுத்த வாரம் அது வாட்ஸ்அப்பில் உங்கள் பெயரோடு திரும்பி வரும்.

மாதம் ஒருமுறை வானொலி, இரண்டு மாதத்துக்கு ஒரு கட்டுரை, அதற்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் 2016 நெறிமுறைகளை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். பொதுமக்களுக்கு உண்மையைச் சொல்லத் தடையில்லை, அது உங்கள் கிளினிக்குக்கு விளம்பரமாகிவிடக் கூடாது. பெயருக்குக் கீழே கிளினிக் முகவரியும் தொலைபேசி எண்ணும் போட வேண்டாம் என்று பத்திரிகையிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தலைப்பையும் அச்சுக்கு முன் பார்க்கக் கேளுங்கள். உள்ளே நிதானமாக எழுதியதைத் தலைப்பு ஒரே வரியில் கெடுத்துவிடும்.

நோயாளியின் கதை வேண்டவே வேண்டாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள் 2.5 விழுக்காடு. இவ்வளவு சின்னச் சமூகத்தில் பெயரை மாற்றுவதெல்லாம் கண்துடைப்பு. ‘தேக்காவில் கடை வைத்திருக்கும் 58 வயது அம்மா’ என்று சொன்னால் இரண்டு தொலைபேசி அழைப்பில் ஆளைப் பிடித்துவிடுவார்கள். மேலே நான் சொன்ன மாமா யாரோ ஒருவர் அல்ல, எல்லா வீட்டிலும் இருக்கிற மாமா. அந்த மாதிரி ஆள் போதும்.

எண்களைச் சொல்லும்போது விழுக்காட்டைத் தவிருங்கள். ஆபத்து நூற்றுக்கு ஐந்திலிருந்து நான்காகக் குறைந்தால் அதை ‘20 விழுக்காடு குறைவு’ என்றும் சொல்லலாம், ‘நூறு பேரில் ஒருவர் தப்பிக்கிறார்’ என்றும் சொல்லலாம். இரண்டும் சரி, ஆனால் காதில் விழுவது வேறு. இரண்டாவதைச் சொல்லுங்கள். மருந்து நிறுவனத்தாரிடம் முதலாவது எப்போதும் தயாராக இருக்கும்.

சொற்களிலும் கண் வேண்டும். ‘ரத்தக் கொதிப்பு’ என்றால் கோபக்காரருக்கு வருவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், சாதுவானவர் தனக்கு இல்லை என்று நம்பிவிடுகிறார். ‘பிரஷர்’ என்றே சொல்லுங்கள். மலேசியாவிலிருந்து வந்தவர்களிடம் ‘இனிப்பு நீர்’ எடுபடும், ஊரிலிருந்து வந்தவர்களிடம் ‘சுகர்’. ‘சிறுநீரகம்’ எழுத்துக்கு, ‘கிட்னி’ பேச்சுக்கு.

நேயர்கள் அழைத்துத் தங்கள் மாத்திரை அளவைச் சொல்லிக் கேட்பார்கள். அளவு சொல்லாதீர்கள். “உங்கள் டாக்டரைப் பாருங்கள்” என்று முடிப்பதும் வெறும் கை விரிப்பு. கேட்க வேண்டிய கேள்வியைக் கையில் கொடுங்கள்: “என் இஜிஎஃப்ஆர் எவ்வளவு? சிறுநீரில் ஆல்புமின் பார்த்து எத்தனை மாதமாச்சு?” இந்த இரண்டையும் நூறு நேயர்கள் அடுத்த வாரம் தத்தம் டாக்டரிடம் கேட்டால் அதுவே பெரிய காரியம்.

கொள்கை பற்றி எழுத நேர்ந்தால், ஹெல்தியர் எஸ்ஜி போன்ற திட்டங்களில் உங்கள் கிளினிக்குக்குக் கட்டணம் வருகிறது என்பதைக் கட்டுரையிலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் பாராட்டுங்கள், அல்லது குறை சொல்லுங்கள். தப்பாக ஏதாவது சொல்லிவிட்டால் அதே நிகழ்ச்சியில், அடுத்த மாதமே, முதல் நிமிடத்தில் திருத்துங்கள்.

முதல் நிகழ்ச்சிக்கு எழுதியதை முந்தின நாள் உங்கள் கிளினிக் முகப்பில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் எங்கே நிறுத்தி “அப்படின்னா?” என்கிறாரோ, அந்த வரியை மாற்றி எழுதிவிட்டு நிலையத்துக்குப் போங்கள்.